மேற்குப் படிக்கட்டின் இயக்குநர்

செப்டம்பர் 3, புதன்

இன்று காலை பதினொன்றரை மணிக்கு நான் இயக்குநர் ஆனேன்.

இந்த வரியை எழுதிவிட்டு, எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து மறுபடி வாசித்துப் பார்த்தேன். அப்படியேதான் இருக்கிறது.

ஆலங்குளத்திலிருந்து கல்யாணப் பட்டு எடுக்க வந்தவர்களுக்கு மூன்றாம் மாடியில் முப்பத்தெட்டாவது சேலையைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தேன். முதலாளி சிதம்பரவேல் அண்ணாச்சி கூப்பிடுவதாகப் போன் வந்தது. இருபத்திரண்டு வருஷமாக அந்த அறையில் நான் நின்றுதான் பேசியிருக்கிறேன். இன்று உட்காரச் சொன்னார். கடை வக்கீலும் பக்கத்தில் இருந்தார். அண்ணாச்சிக்கு வயதாகிவிட்டதாம். பொன்னரளி பட்டு மாளிகையின் இயக்குநர் பொறுப்பிலிருந்து ஆகஸ்ட் கடைசியிலேயே விலகிவிட்டாராம். கடையை அடியிலிருந்து மாடி வரை அறிந்தவள் நான்தானாம். ஆகவே இனி நான்தான் இயக்குநர்.

ஒன்பது இடத்தில் கையெழுத்துப் போட்டேன். எதையும் வாசிக்கவில்லை. கண் நிறைந்து நிற்கும்போது எழுத்து எப்படித் தெரியும்?

மாடியிறங்கும்போது கால் எங்கே வைக்கிறேன் என்றே தெரியவில்லை. ஆலங்குளத்துக்காரர்கள் அதற்குள் நாற்பதாவது சேலையை எடுத்து முடித்திருந்தார்கள். பில் போடும் இடம் வரை நானே சுமந்துகொண்டு போனேன்.

வீட்டுக்கு வந்து இவரிடம் சொன்னேன். இவர் திருநெல்வேலியிலிருந்து தென்காசிக்குப் பஸ் ஓட்டுகிறவர். எதையும் பிரேக்கில் கால் வைத்தபடிதான் கேட்பார். சம்பளம் கூடுமா என்று கேட்டார். கொஞ்சம் கூடும் என்றேன். வேலை கூடுமா என்று கேட்டார். அதே வேலைதான் என்றேன். "அப்பம் எதுக்கு இயக்குநர்?" என்றார். பொறாமை என்று எடுத்துக்கொண்டேன்.

செப்டம்பர் 5, வெள்ளி

பெயர்ப்பலகை வந்துவிட்டது. பித்தளை. 'கை. ஆவுடைநாயகி, இயக்குநர்.' பதினான்கு முறை வெளியே போய்ப் பார்த்தேன். கடைசி இரண்டு முறை வேலை இருப்பதுபோல் கையில் பைலோடு போனேன்.

செப்டம்பர் 8, திங்கள்

ஐந்தாம் மாடியில் எனக்குத் தனி அறை. சுற்றும் நாற்காலி, பூட்டுச் சாவியோடு மேசை, குளிர்சாதனம். நாற்காலியில் ஒரு சுற்றுச் சுற்றினேன். கதவு சாத்தியிருந்ததால் இன்னொரு சுற்று. மூன்றாவது சுற்றில் முப்பிடாதி உள்ளே வந்துவிட்டாள். பட்டுப் பிரிவில் என்னோடு நிற்கும் பெண். இருபத்தைந்து வயது, சங்கரன்கோவில் பக்கம். சிரிப்பை அடக்கத் தெரியாதவள். "எக்கா, நானும் ஒருக்கா" என்றாள். கதவைத் தாழிட்டு அவளையும் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டேன்.

தீபாவளிச் சரக்கு லாரி வந்தது. குடோன் நிறைந்துவிட்டது. வழக்கம்போல் மேற்குப் படிக்கட்டில் அடுக்கச் சொன்னேன். அங்கே அடியிலிருந்து ஐந்தாம் மாடி வரை பண்டல்தான். நான் சேர்ந்த புதிதில் அந்தப் படியில் ஆள் ஏறி இறங்கிய ஞாபகம். இப்போது எல்லோருக்கும் கிழக்குப் படியும் லிப்ட்டும்தான். முதல் ஆணையே சரியாக நிறைவேறியதில் எனக்குத் திருப்தி.

செப்டம்பர் 12, வெள்ளி

அரசாங்கமே என்னைத் தேடி வந்துவிட்டது.

தீயணைப்பு நிலைய அலுவலர், பெயர் எபனேசர். ஒல்லியான மனிதர், தொப்பியைக் கக்கத்தில் வைத்திருந்தார். கட்டடத்துக்குப் பொறுப்பாளர் யார் என்று கேட்டார். நான்தான் என்றேன். அதைச் சொல்லும்போது நெஞ்சு எப்படி நிமிர்ந்தது என்பதை எழுத வெட்கமாக இருக்கிறது. எத்தனை நாளாக என்று கேட்டார். ஒன்பது நாளாக என்றேன். அவர் என்னைக் கொஞ்சநேரம் பார்த்தார். துக்க வீட்டில் பார்ப்பதுபோல ஒரு பார்வை. வீட்டில் ஏதும் கஷ்டமோ என்னவோ.

கட்டடம் முழுக்கச் சுற்றிப் பார்த்துவிட்டு ஓர் உத்தரவு தந்தார். மேற்குப் படிக்கட்டைக் காலி செய்ய வேண்டும். அதன் அடிக்கதவு திறக்க வேண்டும். ஆறாம் மாடியில் விற்பனைப் பெண்கள் நாற்பத்தொரு பேர் தங்கியிருக்கிறார்கள். அந்த விடுதியின் கிரில் கதவை வெளியே பூட்டக் கூடாது. தீயணைப்புக் குழாய்க்கு மோட்டார் வைக்க வேண்டும். அக்டோபர் ஆறாம் தேதி கெடு. இது மூன்றாவது உத்தரவு என்றார். பிப்ரவரியிலும் ஜூனிலும் இதேதான் எழுதிக் கொடுத்தாராம். பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கினார். பதவியோடு சேர்த்து முழுப் பெயரையும் எழுதினேன். காபி சொன்னேன். குடிக்கவில்லை.

அண்ணாச்சியிடம் காட்டினேன். அதெல்லாம் வருகிறதுதான், மேசைக்குள் போடு என்றார். போட்டுப் பூட்டினேன். சாவி நன்றாகத் திரும்புகிறது.

செப்டம்பர் 14, ஞாயிறு

உத்தரவை வீட்டுக்கு எடுத்துவந்தேன். இவருக்குக் காட்டத்தான். அரசாங்கக் காகிதம், கோபுர முத்திரை, கீழே என் பெயர்.

இவர் கண்ணாடி போட்டுக்கொண்டு முதல் வரியிலிருந்து வாசித்தார். நான் என் பெயர் வருகிற இடத்தை விரலால் தொட்டுக் காட்டினேன். இவர் விரலை நகர்த்திவிட்டு அதற்கு மேலே இருந்த பத்தியைச் சத்தமாக வாசித்தார். குறித்த நாளுக்குள் நிறைவேற்றத் தவறினால் கட்டடத்தின் பொறுப்பில் உள்ளவருக்கு அபராதமோ, சிறைத் தண்டனையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். கட்டடம் பூட்டி முத்திரையிடப்படலாம்.

"பொறுப்பில் உள்ளவர்னா யாரு?" என்றார்.

நான் குழம்புக்குப் புளி கரைக்கப் போய்விட்டேன்.

செப்டம்பர் 15, திங்கள்

குழம்பில் புளி கூடிவிட்டது. நேற்று எழுத விட்டுப்போயிற்று. உத்தரவை மறுபடி மேசைக்குள் வைத்துப் பூட்டினேன்.

செப்டம்பர் 18, வியாழன்

அண்ணாச்சியிடம் அந்தப் பத்தியைப் பற்றிக் கேட்டேன். எல்லாக் காகிதத்திலும் அப்படித்தான் அச்சடிப்பார்கள், வக்கீல் இருக்கிறார், நீ தீபாவளியைப் பார் என்றார். எனக்கு நிம்மதி.

பாளையங்கோட்டையில் நாத்தனார் மகளுக்கு நிச்சயதார்த்தம். விசிட்டிங் கார்டு இருபத்தாறு கொடுத்தேன். பந்தியில் உட்கார்ந்திருந்த ஒருவருக்குக் கை கழுவும் முன்பே கொடுத்துவிட்டேன் என்று நாத்தனாருக்கு வருத்தம்.

செப்டம்பர் 22, திங்கள்

நீதிமன்றத்திலிருந்து சம்மன். 'இயக்குநர், பொன்னரளி பட்டு மாளிகை' என்றுதான் முகவரி. பெயர் இல்லை. பிப்ரவரி, ஜூன் உத்தரவுகளை மதிக்காததற்கு வழக்கு. ஆகஸ்ட் 27 அன்று பதிவாகியிருக்கிறது. அக்டோபர் 17 அன்று ஆஜராக வேண்டும்.

அண்ணாச்சி இயக்குநர் பதவியிலிருந்து விலகியது ஆகஸ்ட் 29. நான் கையெழுத்துப் போட்ட காகிதங்களின் நகலை இன்றுதான் எடுத்து வாசித்தேன். அதில் தேதி இருக்கிறது.

வக்கீல் வந்தார். கவலைப்பட ஒன்றுமில்லையாம். அன்றைக்குப் போய்க் கூண்டில் நின்று 'ஒப்புக்கொள்கிறேன்' என்று சொன்னால் போதுமாம். அபராதத்தைக் கடை கட்டிவிடுமாம். 'அதிகம் போனால்' என்று ஏதோ சொல்ல வந்தார், அண்ணாச்சி இருமினார், அவர் நிறுத்திக்கொண்டார். சரி என்றேன். கோர்ட்டுக்கு எந்தச் சேலை கட்டுவது என்று யோசிக்க வேண்டும்.

மதியம் சாப்பிடவில்லை. வெயில் அதிகம்.

சாயங்காலம் ஆறாம் மாடிக்குப் போய் அந்தக் கிரில் கதவைப் பார்த்துவிட்டு வந்தேன். சும்மாதான். அதன் சாவி பத்து வருஷம் என் இடுப்பில் இருந்தது. ஒன்பது மணிக்குப் பூட்டுவேன். ஊரிலிருந்து வரும் அப்பா அம்மாக்களிடம், பூட்டிவிட்டுத்தான் வீட்டுக்குப் போவேன், பயப்படாதீர்கள் என்று நானே சொல்லியிருக்கிறேன். அவர்களும் கும்பிட்டுவிட்டுப் போவார்கள்.

செப்டம்பர் 24, புதன்

மேசையிலிருந்து உத்தரவை எடுத்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு, பேங்குக்குப் போவதாகச் சொல்லித் தீயணைப்பு நிலையத்துக்குப் போனேன்.

எபனேசர் சார் சிவப்பு வண்டியின் அருகே நின்றிருந்தார். வாசலிலேயே கேட்டுவிட்டேன், என்னை ஜெயிலில் போடுவார்களா என்று. போடலாம் என்றார். சுற்றி வளைக்கவில்லை. ஆபத்து நடந்த பிறகு என்றால் கதையே வேறு என்றார். பிறகு ஒரு நாற்காலி கொண்டுவரச் சொன்னார்.

"பயப்படணும்னு சொல்லல மேடம். அந்தக் கட்டடத்துல இன்னைக்கு உத்தரவு போடற அதிகாரம் உங்ககிட்டதான் இருக்குன்னு சொல்லுதேன். படியக் காலி பண்ண முதலாளி கையெழுத்து வேண்டாம். உங்க கையெழுத்து போதும்."

என் கையெழுத்தா என்று கேட்டேன்.

"காகிதத்துல நீங்கதான இயக்குநர்?"

நிலையத்திலிருந்து பஸ் நிறுத்தம் வரை சிரித்துக்கொண்டே நடந்தேன். இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். நான் பாட்டுக்கு மூன்று வாரமாக நாற்காலியில் சுற்றிக்கொண்டிருந்திருக்கிறேன். அது ஓடுகிற நாற்காலி என்று யாரும் சொல்லவில்லை.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. மாடி மாடியாகப் பொரி, சுண்டல். அண்ணாச்சி நாளை மாலை சூரத் போகிறார், கடைசிச் சுற்று கொள்முதல். எட்டாம் தேதிதான் வருவார். பத்திரமாகப் போய்வரச் சொன்னேன். உள்ளபடியே சொன்னேன்.

அக்டோபர் 4, சனி

கடையின் லெட்டர்பேடில் மூன்று வரி எழுதினேன். நாளை ஞாயிறு கடைக்குள் விற்பனை இல்லை. எல்லாப் பணியாளரும் மேற்குப் படிக்கட்டைக் காலி செய்யும் வேலையில் ஈடுபடுவர். இயக்குநர் உத்தரவு. நகலெடுத்து ஐந்து மாடியிலும் ஒட்டினேன்.

தீபாவளிக்குப் பதினைந்தே நாள் இருக்கிற ஞாயிறு. கேஷியர் அந்தக் காகிதத்தை வாசித்துவிட்டு உட்கார்ந்துவிட்டார். அண்ணாச்சிக்குப் போன் போடட்டுமா என்றார். போடுங்கள், ஆனால் உத்தரவு என்னுடையது என்றேன். அவர் போனை எடுத்தார், வைத்தார், மறுபடி எடுத்தார். கடைசியில் பையில் போட்டுக்கொண்டு, நாளை காலை எத்தனை மணிக்கு வரவேண்டும் என்று கேட்டார்.

ஏழு மணிக்கு என்றேன்.

அக்டோபர் 5, ஞாயிறு

கை வலிக்கிறது. எழுத்துக் கோணல்மாணலாக இருந்தால் அதற்கு அதுதான் காரணம்.

காலை ஏழு மணிக்கு ஆரம்பித்தோம். ஐந்தாம் மாடியிலிருந்து கார் நிறுத்துமிடம் வரை கிழக்குப் படியில் ஆளுக்கு இரண்டு படி என்று வரிசையாக நின்று, பண்டலைக் கைமாற்றி இறக்கினோம். அறுநூற்றுப் பன்னிரண்டு பண்டல். மேலே இருந்தது இந்த வருஷச் சரக்கு. கொஞ்சம் தோண்டினால் போன வருஷம். இன்னும் கீழே போகப் போகப் பழைய காலம். மூன்றாம் மாடித் திருப்பத்தில் யாருக்கும் பெயர் தெரியாத ஒரு துணி கிடைத்தது, ஜிகினா உதிரும் வகை. முப்பிடாதி அதைத் தலையில் சுற்றிக்கொண்டு மிச்ச நேரமெல்லாம் அப்படியே வேலை செய்தாள். இரண்டாம் மாடியில் கையில்லாத பொம்மை ஒன்று. அதையும் வரிசையில் நிறுத்திவிட்டார்கள். ஒவ்வொருவரும் அதனிடம் ஒரு பண்டலை நீட்டிவிட்டு, வாங்காததற்குத் திட்டினார்கள்.

இறக்கிய பழைய சரக்கை என்ன செய்வது? கார் நிறுத்துமிடத்தில் தார்ப்பாய் விரித்துக் கொட்டச் சொன்னேன். அட்டையில் 'படிக்கட்டுச் சேலைகள், பாதி விலை' என்று எழுதி வைத்தேன். பத்து மணிக்கு நாலு பேர். பதினொரு மணிக்கு வண்ணார்பேட்டையே திரண்டுவிட்டது. படியில் கிடந்த சேலை எங்கே, படியில் கிடந்த சேலை எங்கே என்று கேட்டுக் கேட்டு வாங்கினார்கள். அலமாரியில் வைத்து விற்ற காலத்தில் ஒருவரும் திரும்பிப் பார்க்காத சேலைகள் அவை. ஓர் அம்மா ஒரே நிறத்தில் ஆறு எடுத்துவிட்டுப் பணம் கட்டும்போது ஏன் எடுத்தோம் என்று தன்னையே கேட்டுக்கொண்டார்.

மூன்று மணிக்கு அடிப்படி தெரிந்தது. அதற்கப்புறம் கதவு. தாழ்ப்பாள் துருப்பிடித்துக் கல்லாகியிருந்தது. செக்யூரிட்டி சுடலைமுத்து தேங்காயெண்ணெய் ஊற்றிச் சுத்தியலால் தட்டினார். நாங்கள் பன்னிரண்டு பேர் தோள் கொடுத்துத் தள்ளினோம். திறந்த வேகத்தில் எட்டுப் பேர் சந்தில் போய் விழுந்தோம். அங்கே இஸ்திரி போடும் ஒருவர் அந்தக் கதவில் ஆணியடித்துச் சட்டைகளைத் தொங்கவிட்டிருந்தார். இயக்குநர் எழுந்தபோது தலைமேல் யாருடையதோ வெள்ளைச் சட்டை. "இது கதவா? நான் செவருன்னுல்லா நெனச்சேன்" என்றார் இஸ்திரிக்காரர். இனிமேல் கதவு என்றேன். சட்டைகளை வேறிடத்தில் மாட்ட நாங்களே கயிறு கட்டிக் கொடுத்தோம்.

கடைசியாக ஆறாம் மாடி. கிரில் கதவின் வெளிப்பூட்டை எடுத்துவிட்டு உள்ளே ஒரு தாழ்ப்பாள் வைக்கச் சொன்னேன். உள்ளிருந்து யார் வேண்டுமானாலும் திறக்கலாம். வெளியிலிருந்து யாரும் திறக்க முடியாது. இவ்வளவுதான் விஷயம். இதை முதலிலேயே செய்திருக்கலாம். வெல்டருக்கு இருபது நிமிஷ வேலை.

பெண்கள் எல்லோரும் ஆறாம் மாடியிலிருந்து மேற்குப் படி வழியாகச் சந்து வரை ஓடினார்கள். ஏறினார்கள், மறுபடி ஓடினார்கள். யாரும் சொல்லவில்லை. நானும் ஒருமுறை ஓடினேன். நாற்பத்தாறு வயது, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு.

அக்டோபர் 6, திங்கள்

எபனேசர் சார் காலையிலேயே வந்துவிட்டார். மேற்குப் படியில் அடியிலிருந்து ஆறாம் மாடி வரை ஏறிப் பார்த்தார். பிறகு முப்பிடாதியை ஆறாம் மாடியில் நிறுத்திவிட்டு விசில் ஊதினார். சந்தில் வந்து நிற்க ஒரு நிமிஷம் பத்து வினாடி. அவளுக்கு அது போதவில்லை. இன்னொருமுறை ஊதச் சொன்னாள்.

மோட்டார் மட்டும் பாக்கி. அதற்குப் பதினைந்தாம் தேதி வரை நேரம் எழுதிக் கொடுத்தார். போகும்போது காபி குடித்தார்.

அக்டோபர் 8, புதன்

அண்ணாச்சி வந்தார்.

அவர் சத்தம் நான்காம் மாடியில் கேட்டதாகச் சொல்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை வியாபாரம், படியில் இருந்த சரக்கு, அதைப் பாதி விலைக்கு விற்க நீ யார். எல்லாம் கேட்டார். நின்றுகொண்டே கேட்டுக்கொண்டேன். கடைசியில் வக்கீலைக் கூப்பிட்டு, இன்றைக்கே இவளை எடுத்துவிடுங்கள், காகிதம் தயார் பண்ணுங்கள் என்றார்.

வக்கீல் கழுத்தைச் சொறிந்தார். குனிந்து மெல்லத்தான் சொன்னார். எனக்கும் கேட்டது.

"இவிய போனா அந்த எடத்துல யாரு அண்ணாச்சி? பதினேழாம் தேதி ஒரு இயக்குநர் நிக்கணும்லா."

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன். சிரிப்பு தொண்டை வரை வந்துவிட்டது. போய் வேலையைப் பாருங்கள் என்று பொதுவாகச் சொன்னார்.

என்னை யாரும் எடுக்க முடியாது. அந்த நாற்காலியில் உட்கார இந்தத் திருநெல்வேலியில் வேறு ஆளே கிடையாது.

அக்டோபர் 9, வியாழன்

இரண்டு காகிதம் தயார் செய்துகொண்டு போனேன். ஒன்று மோட்டாருக்கான விலைப்பட்டியல். இன்னொன்று என் ராஜினாமா. இரண்டையும் அண்ணாச்சி மேசையில் பக்கத்துப் பக்கத்தில் வைத்தேன்.

"எதுல வேணாலும் கையெழுத்துப் போடுங்க அண்ணாச்சி."

பத்து நிமிஷம் அவர் எதையும் தொடவில்லை. பேனாவின் மூடியைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தார். பிறகு மோட்டாரில் போட்டார்.

வெளியே வந்து கதவைச் சாத்திய பிறகுதான் யோசித்தேன். ராஜினாமாவில் போட்டிருந்தால்? வீட்டில் இவரும் இதையே கேட்டார். அண்ணாச்சி போடமாட்டார் என்று எனக்குத் தெரியும் என்றேன். தெரியாது.

அக்டோபர் 14, செவ்வாய்

மோட்டார் ஓட்டம் பார்த்தோம். கீழே வாசல் பக்கக் குழாயை இரண்டு பேர் பிடிக்க வேண்டும் என்று எபனேசர் சார் சொல்லிக்கொண்டிருக்கும்போதே சுடலைமுத்து தனியாகப் பிடித்துத் திறந்துவிட்டார். குழாய் அவரைப் பிடித்துக்கொண்டது. தீபாவளி பேனர், பூந்தொட்டி, எபனேசர் சார், அப்போதுதான் காரிலிருந்து இறங்கிய அண்ணாச்சி, எல்லோரும் நனைந்தோம். தண்ணீர் நல்ல வேகம் என்று எபனேசர் சார் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுதினார். அண்ணாச்சி ஒன்றும் சொல்லாமல் லிப்ட்டுக்குப் போனார். போன வழியெல்லாம் ஈரம்.

அக்டோபர் 16, வியாழன்

கோர்ட்டுக்கு மாம்பழ மஞ்சள் சேலை, அரக்குக் கரை. இஸ்திரிக்காரர் பணம் வாங்கமாட்டேன் என்றுவிட்டார். இவர் நாளைக்கு லீவு போட்டிருக்கிறார். ஏன் என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

அக்டோபர் 17, வெள்ளி

நீதிமன்றத்தில் பதினொரு மணிக்குப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். கூண்டு நான் நினைத்ததைவிடச் சிறியது. நடுவர் ஒரு பெண், என்னைவிடப் பத்து வயதாவது இளையவர். வக்கீல் எனக்குச் சொல்லிக் கொடுத்தது ஒரே வார்த்தை. அண்ணாச்சி கடைசி வரிசையில் துண்டால் முகத்தைத் துடைத்தபடி உட்கார்ந்திருந்தார்.

எபனேசர் சாரின் மூன்றாவது உத்தரவும் படி திறந்த அறிக்கையும் வழக்கில் சேர்ந்திருந்தன. நடுவர் மூன்று தேதிகளையும் வாசித்துவிட்டு, மூன்றுக்கும் நீங்கள் உடனே எதுவும் செய்யவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறீர்களா என்று கேட்டார். வக்கீல் எனக்குத் தலையசைத்துக் காட்டினார்.

நான் வாய் திறந்தேன். அந்த ஒரு வார்த்தையோடு நிறுத்தவில்லை.

"மொத ரெண்டும் வந்தப்போ நான் மூணாம் மாடியில சேல மடிச்சிக்கிட்டிருந்தேன் அம்மா. மூணாவது என் கையிலதான் தந்தாவ. வாங்கி மேசைக்குள்ள வச்சிப் பூட்டுனேன். பன்னெண்டு நாள் அங்கதான் கெடந்துச்சி. மேல நாப்பத்தோரு பிள்ளைய இருக்குதுன்னு எனக்குத் தெரியும். அந்தப் பன்னெண்டு நாளுக்கு ஒப்புக்கொள்கிறேன்."

வக்கீல் கண்ணை மூடிக்கொண்டார். அப்படியானால் முதல் இரண்டு உத்தரவுகளின்போது இயக்குநர் யார் என்று நடுவர் கேட்டார். நான் பதில் சொல்ல வேண்டியிருக்கவில்லை. எபனேசர் சார் பைலைத் திறந்து, அந்த உத்தரவுகளைப் பெற்றுக்கொண்டதற்கு அண்ணாச்சி போட்ட இரண்டு கையெழுத்துகளைக் காட்டினார். அரைமணி நேரம் வக்கீல்கள் ஏதோ சட்டப் பிரிவுகள் பேசினார்கள். அதன் முடிவில் அண்ணாச்சியை முன்னால் வரச் சொன்னார்கள். எனக்குப் பக்கத்தில் வந்து நின்றார். அவ்வளவு பெரிய மனிதர், கூண்டில் இருவருக்கும் இடம் போதவில்லை. வக்கீல் குறுக்கே ஏதோ சொல்ல வந்தார். அண்ணாச்சி கையால் தடுத்துவிட்டார். ஒப்புக்கொள்கிறேன் என்றார்.

படி திறந்துவிட்டது, பூட்டு போய்விட்டது, மோட்டார் ஓடுகிறது, ஆகவே சிறைக்கு அனுப்பவில்லை என்றார் நடுவர். இருவருக்கும் அபராதம், அண்ணாச்சிக்குப் பல மடங்கு. அதோடு இருவரும் இன்று நீதிமன்றம் கலையும் வரை இங்கேயே உட்கார்ந்திருக்க வேண்டும். அதுதான் தண்டனை. அடுத்த முறை ஓர் உத்தரவு மேசைக்குள் போனால் நேராக ஜெயில், கடைக்கு முத்திரை என்றார். என்னைப் பார்த்தும் சொன்னார், அண்ணாச்சியைப் பார்த்தும் சொன்னார்.

தீபாவளிக்கு முந்தைய வெள்ளிக்கிழமை. வருஷத்திலேயே பெரிய வியாபாரம். பொன்னரளியின் முதலாளியும் இயக்குநரும் ஒரே மர பெஞ்சில், செல்போனை அணைத்து வைத்துக்கொண்டு. இவர் மதியம் தக்காளிச் சாதம் இரண்டு பொட்டலம் கொண்டுவந்து கொடுத்துவிட்டு வெளியே வேப்பமரத்தடியில் போய் உட்கார்ந்தார். அண்ணாச்சி முதலில் வேண்டாம் என்றார். பிறகு ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டார்.

நாலு மணி இருக்கும். ஓர் ஆட்டுத் திருட்டு வழக்கு நடந்துகொண்டிருந்தது. அண்ணாச்சி முன்னால் பார்த்தபடியே கேட்டார், கடையில் யார் இருக்கிறார்கள் என்று. முப்பிடாதி இருக்கிறாள் என்றேன். அவர் துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

"ஒன்ன எதுக்கு இயக்குநர் ஆக்குனேன்னு ஒனக்குத் தெரியும்லா?"

"தெரியும் அண்ணாச்சி."

"எப்பத்துல இருந்து?"

"சம்மன் வந்த அன்னைக்கே."

"பெறவு ஏன் போகாம இருந்த?"

இதை நான் எனக்கே எழுதிக்கொள்ளவில்லை. வெயில் என்று எழுதினேன், புளி என்று எழுதினேன். பயந்துதான் போயிருந்தேன். பயத்தோடு ஒரு சந்தோஷமும் இருந்தது, அதை எந்தப் பெயரில் எழுதுவது என்று தெரியவில்லை. ஆனால் கேட்டுவிட்டார், பதில் சொல்ல வேண்டும்.

"இயக்குநர் எப்படி அண்ணாச்சி நடுவுல போறது?"

அண்ணாச்சிக்கு முதலில் தோள்தான் குலுங்கியது. பிறகு வயிறு. துண்டை வாயில் வைத்துக்கொண்டார். எனக்கும் தொற்றிக்கொண்டது. கோர்ட் டவாலி வந்து பெஞ்சைத் தட்டி, சத்தம் கூடாது என்றார். தலையைக் குனிந்துகொண்டோம், அது இன்னும் மோசமாகிவிட்டது. ஆடு திருடியவர் திரும்பிப் பார்த்தார்.

ஐந்து இருபதுக்கு நடுவர் எழுந்தார். எல்லோரும் எழுந்தோம். போகலாமா கூடாதா என்று தெரியாமல் நாங்கள் இருவர் மட்டும் நின்றுகொண்டே இருந்தோம். கலைந்துவிட்டது, போங்கள் என்றார் டவாலி.

வாசலில் வந்து செல்போனைத் திறந்தேன். முப்பிடாதியிடமிருந்து பத்தொன்பது அழைப்பு. கையில் இருக்கும்போதே இருபதாவது வந்தது. பின்னால் ஒரே இரைச்சல், கிழக்குப் படியிலும் சனம், மேற்குப் படியிலும் சனம், பட்டுப் பிரிவில் நிற்க இடமில்லை, இவ்வளவு நேரம் எங்கே போய்விட்டீர்கள் என்று கத்தினாள்.

"தண்டனையில இருந்தேன்ட்டி. இப்பதான் முடிஞ்சிது. வாரேன்."